இடப்பக்கம் நாலு விரற்கடை

எனக்கு முன்கோபம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் அதை ஒத்துக்கொண்டதில்லை. கோணலாக இருக்கும் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, அது நேராகத்தான் இருக்கிறது என்று நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் எனக்குத் தாங்காது, அவ்வளவுதான். அந்த வருஷம் கார்த்திகை மாதம் முழுக்க, என்னைப் பெற்றவர்கள் உள்பட எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். காரணம் ஒரு காற்றுத் துப்பாக்கி.

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி. எனக்கு இருபத்து மூன்று வயது. ஸ்கூல் பைனல் தேறியிருந்தும், உத்தியோகத்துக்குப் போக வேண்டாம், இருக்கிற நிலத்தைப் பார் என்று அய்யா சொல்லிவிட்டார். அய்யா என்றால் என் தகப்பனார், ஆத்தா என்றால் தாயார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். நிலம் எங்கள் ஊர் பரவைக்கு மேற்கே இருந்தது. அந்த வருஷம் சோளம் செழிப்பாக வந்திருந்தது. கதிர் பால் பிடித்த நாளிலிருந்து கிளிகளும் வர ஆரம்பித்தன. கவண் வீசினோம், தகரம் தட்டினோம், பழைய சட்டையைக் கம்பில் மாட்டி நிறுத்தினோம். அந்தச் சட்டையின் தோளிலேயே உட்கார்ந்து கதிரைக் கொறித்தன. காற்றுத் துப்பாக்கி ஒன்று வாங்கினால்தான் ஆகும், வெடிமருந்து வேண்டாம், லைசென்ஸ் தொல்லையும் கிடையாது என்று நான் அய்யாவை ஒரு வாரம் அரித்தெடுத்தேன். கடைசியில் சரி என்றார்.

அதே சமயத்தில் எனக்குப் பெண்ணும் பார்த்திருந்தார்கள். பழங்காநத்தத்தில் வீடு. பெண்ணின் தகப்பனாருக்குத் தல்லாகுளத்தில் சர்வே ஆபீசில் வேலை. நிலம் அளக்கிற உத்தியோகம். பெண் எட்டாவது வரை படித்தவள். பெண் பார்க்கப் போன அன்று நான் கூச்சத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினாள். நாலடி போனவள், தட்டு எனக்கு எட்டாது என்று கண்டுகொண்டு மறுபடி வந்து, குனிந்து, அதை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள். அந்தக் காரியத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. கட்டினால் இவளைத்தான் என்று வண்டியில் திரும்பும்போதே ஆத்தாவிடம் சொல்லிவிட்டேன். தை பிறந்ததும் பரிசம் போட்டு, அந்த மாதமே கல்யாணம் என்று இரு வீட்டாரும் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள்.

துப்பாக்கி வாங்க நானும் அய்யாவும் டவுனுக்குப் போனோம். ரயிலடிக்குப் பக்கத்தில் சைக்கிள், தையல் மெஷின், சுவர்க் கடிகாரம் எல்லாம் விற்கும் பெரிய கடை. முதலாளி ஒரு பெட்டியை எடுத்து வைத்து மூடியைத் திறந்தார். திறந்த அதே நேரத்தில் கடைக்குள் யாரோ தும்மினார்கள். அய்யா அந்தத் துப்பாக்கியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"வேற பெட்டி எடுங்க" என்றார்.

"எல்லாம் ஒரே சாமான்தான் அண்ணே. சீமையிலேர்ந்து ஒரே கப்பல்ல வந்தது."

"இருக்கட்டும். வேற எடுங்க."

இரண்டாவது பெட்டியின் மூலை நசுங்கியிருந்தது, அதுவும் ஆகாது. மூன்றாவதைத் திறந்தபோது கோயில் மணி கேட்டது. அய்யா அதன் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதுதேன்" என்றார். யாரோ ஒருவனுக்கு மூக்கில் தூசி போனதால் நல்ல துப்பாக்கி கடையிலேயே தங்கிவிட்டது என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். ஆனால் இதை அய்யா இருந்தவரை அவரிடம் சொல்ல முடிந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா அதை என்னைத் தொடவிடவில்லை. புதுச் சாமான், அதுவும் இரும்பு. ராகுகாலம் கழியட்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் மணையில் வைத்தாள். பிறகு கட்டையிலும் குழலிலும் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டிவிட்டு என் கையில் கொடுத்தாள். எங்கள் வீட்டில் புது ஏர் வந்தாலும் சரி, புது அரிவாள்மணை வந்தாலும் சரி, இதுதான் வழக்கம். நானும் அப்போது பக்தியோடுதான் வாங்கிக்கொண்டேன்.

மாட்டுத் தொழுவத்தின் மண்சுவரில் ஒரு முளை இருந்தது. அதில் ஒரு சிரட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, இருபது தப்படி தள்ளி நின்றேன். குழலை மடக்கி, ஈய ரவையை வைத்து, நிமிர்த்திக் குறி பார்த்துச் சுட்டேன். சிரட்டை ஆடவே இல்லை. மண்சுவரில், சிரட்டைக்கு இடப்பக்கம் நாலு விரற்கடை தள்ளி ஒரு பொத்தல் விழுந்திருந்தது. கை நடுங்கியிருக்கும் என்று மறுபடி சுட்டேன். முதல் பொத்தலுக்குப் பக்கத்திலேயே இரண்டாவது விழுந்தது. பத்துச் சுட்டேன். பத்தும் ஒரு ரூபாய் வட்டத்துக்குள் அடங்கின. பத்தும் இடப்பக்கம் நாலு விரற்கடை.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. கை கோளாறு என்றால் ரவை நாலாபக்கமும் போகும். இது ஒரே இடத்துக்குப் போகிறது. கோளாறு துப்பாக்கியில்தான் இருக்கிறது. குழலின் முனையில் குறி பார்ப்பதற்காக ஒரு சிறு குமிழைப் பற்றவைத்திருந்தார்கள். குழலை மூக்குக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், அந்தக் குமிழ் நடுவில் இல்லாமல் வலப்பக்கமாக ஒரு நெல்லின் தடிமன் அளவு விலகி இருப்பது தெரிந்தது. குமிழைக் குறிக்கு நேரே கொண்டுவந்தால் குழல் தானாகவே இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும். நூறு தடவை காட்டினாலும் நூறு தடவையும் தெரியக்கூடிய தவறு. பெட்டிக்குள், எண்ணெய்க் காகிதத்துக்கு அடியில், இங்கிலீஷில் அச்சடித்த ஒரு சீட்டு இருந்தது. நன்றாகப் பரிசோதித்து அனுப்பப்படுகிறது என்று அதில் எழுதி, கீழே ஒருவன் கையெழுத்துப் போட்டிருந்தான். எங்கோ சீமையில் இதைக் கையில் எடுத்துப் பார்த்து, சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்ட அந்த மனிதனை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை இருந்தது.

அய்யாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குழலைப் பார்த்தார். "நேராத்தேன் இருக்கு" என்றார். நான் விடவில்லை. போன வருஷத்துச் சோள மூட்டைகள் இரண்டை அடுக்கி, நடுவில் துப்பாக்கியை வைத்துக் கயிறுபோட்டு இறுக்கினேன். அய்யாவையே குனிந்து பார்க்கச் சொன்னேன். சிரட்டை நேரே தெரிகிறதா என்றேன். தெரிகிறது என்றார். யாரும் தொடாமல் விசையை மட்டும் இழுத்தேன். நாலு விரற்கடை இடப்பக்கம் பொத்தல்.

"மூட்ட நகந்துருச்சுடா" என்று சொல்லிவிட்டு அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். புதுச் சாமான் பழகப் பழகச் சரியாகும் என்று முதலாளி திருப்பி அனுப்பினார். பழகுவதற்கு அது என்ன கன்றுக்குட்டியா என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். மரியாதைக்குப் பேசாமல் வந்தேன். அடுத்த தடவை எண்ணெய் போடச் சொன்னார். போட்டேன். எண்ணெய் போட்ட பிறகு அதே நாலு விரற்கடைக்கு இன்னும் வேகமாகப் போயிற்று. மூன்றாவது தடவை போய், வேறு துப்பாக்கி கொடுங்கள் என்று நின்றேன். முதலாளி குழலும் கட்டையும் சேரும் இடத்தை நகத்தால் சுரண்டினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது.

"பூச போட்டுட்டீகளா?" என்றார்.

"ஆமா, அதுக்கென்ன?"

"என்ன தம்பி இப்பிடிக் கேக்குறீக? பொட்டு வச்ச சாமானத் திருப்பி எடுத்துக்கிற வழக்கமே இல்ல. ஒங்க வீட்டு லட்சுமிய நான் எடுத்து இங்க அடுக்கவா? நாளைக்கு அடுத்தவனுக்கு எப்பிடி விப்பேன்?"

"சந்தனம் வச்சதுனாலயா குமிழ் நகந்துச்சு?"

"அப்பிடிச் சொல்லல. வழக்கத்தச் சொல்றேன்."

இதில் என்ன அநியாயம் என்றால், வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆத்தாவும் அவர் பக்கமே சேர்ந்துகொண்டாள். பொட்டு வைத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது நல்லதில்லையாம். அதுவும் கல்யாணம் கூடிவருகிற வீட்டில். குமிழைப் பார், குமிழைப் பார் என்று நான் குழலை நீட்டினால், அவள் அதில் சந்தனம் அழிந்திருப்பதைப் பார்த்து மறுபடி வைத்துவிட்டாள்.

பரவைச் சந்தைக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த ஆசாரி ஒருவர் மட்டும் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். "அட, முனை வெலகியிருக்கு. கொஞ்சம் சூடு காட்டுனா பேந்துரும். நடுவுல வச்சு ஒட்டிருவேன். வெத்தல போடுற நேரம்கூட ஆகாது. குடுங்க" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. புதிதாக வாங்கிய பொருளுக்கு நான் ஏன் பற்றாசு வைக்க வேண்டும்? செய்தவன் தவறு, விற்றவன் தவறு. சரிசெய்ய வேண்டியவனும் அவன்தான். இவரிடம் கொடுத்து ஒட்டிக்கொண்டால், துப்பாக்கி முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது என்று கடைக்காரர் சாதிப்பார். இதையெல்லாம் ஆசாரியிடம் சத்தமாகவே சொன்னேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார். இந்த ஒரு தடவை பேசாமல் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

கடைக்காரரோடு மல்லுக்கட்டியதில் நாட்கள் போயின. சென்னையில் இருக்கும் ஏஜெண்டுக்குக் கடிதம் எழுதினேன். படம் வரைந்து, குமிழ் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டி, இங்கிலீஷில் மூன்று பக்கம். தங்கள் சரக்கு எல்லாம் பரிசோதிக்கப்பட்டே வருவதாக இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்கு ஓடினேன். "அவுகளே சொல்லிட்டாகளே தம்பி" என்று முதலாளி அதை எனக்கே படித்துக் காட்டினார். இதற்கிடையில் கிளிகள் ஒரு பக்கமிருந்து கதிரைக் காலிசெய்துகொண்டே வந்தன. தள்ளிக் குறிவைத்தால் அடிக்கலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இருபது தப்படியில் நாலு விரற்கடை என்றால் நாற்பது தப்படியில் எட்டு. கிளி என்ன தப்படி அளந்து வந்தா உட்காரும்? அதோடு, இல்லாத கிளியைப் பார்த்துக் குறிவைத்து இருக்கிற கிளியை அடிப்பது எனக்குச் சம்மதமாக இல்லை. அதற்குக் கவணே போதுமே.

இந்த அழகில் அய்யா ஒரு காரியம் செய்தார். துப்பாக்கி வாங்கிய மறுநாளே சந்தையில் அவர் ஏகப்பட்ட பெருமை பேசியிருந்தார். பரவையில் எவனிடமும் இல்லாத சாமான், மூன்று பெட்டியைப் பார்த்து நான் எடுத்தது என்று. இப்போது சந்தையில் ஒருவர், "என்ன அண்ணே, ஒங்க சீமத் துப்பாக்கியப் பாத்துக் கிளி எல்லாம் கும்புடு போடுதாமே?" என்று கேட்டிருக்கிறார். அய்யாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"துப்பாக்கியில ஒரு கொறையும் இல்ல. பயலுக்குத்தேன் கண்ணு கொஞ்சம் இழுக்குது" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவு பேர் முன்னால். சந்தைக்கு வருகிற காய்கறி வண்டிகள் பழங்காநத்தத்துக்கும் போகும் என்று அவருக்குத் தெரியாதா? வாரம் திரும்புவதற்குள் பெண் வீட்டுக்குச் சேதி போய்விட்டது. மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை என்று அங்கே போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன்.

நான் அய்யாவிடம் போய் நின்றேன். "கல்யாணம் பேசியிருக்கிற நேரத்துல எனக்குக் கண்ணு சரியில்லன்னு சந்தையில சொல்லலாமா?"

"பின்ன? நான் பாத்து எடுத்த துப்பாக்கி கோணல்னு சொல்லச் சொல்றியா?"

பெற்ற பிள்ளையா துப்பாக்கியா என்று வந்தால் மனிதன் துப்பாக்கியை எடுக்கிறார். ஆத்தா அதற்கு மேல். அய்யா சொன்னதை அவளும் பாதி நம்பிவிட்டாள். தினமும் பொன்னாங்கண்ணிக் கீரை. மத்தியானம் என்னைப் படுக்கவைத்துக் கண் இரண்டிலும் நந்தியாவட்டைப் பூவை வைத்து அழுத்தினாள். கீரையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வந்தது. என் கண் நன்றாக இருக்கிறது என்று நான் கத்தக் கத்த, கண் கெட்டவனுக்கு வருகிற கோபம் இது என்று பார்த்தார்கள்.

கார்த்திகை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்ணின் தகப்பனாரும் தாய்மாமனும் வந்து இறங்கினார்கள். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தோம், அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொன்னார்கள். எதைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தகப்பனார் அதிகம் பேசாதவர். ஒல்லியாக, மூடுகோட்டுப் போட்டுக்கொண்டு, எதைப் பார்த்தாலும் கொஞ்சநேரம் பார்ப்பார். தாய்மாமன் அதற்கு நேர் எதிர். வந்து உட்கார்ந்ததிலிருந்து என் கண்களையே உற்றுப் பார்த்தார். நான் இடப்பக்கம் திரும்பினால் அவரும் திரும்பினார்.

"அந்தக் காலண்டர்ல இன்னைக்கு என்ன திதின்னு போட்டுருக்கு மாப்ள?" என்றார். சொன்னேன். வாசலுக்குக் கூட்டிப்போய் நாகமலையைக் காட்டினார். "சரிவுல ஆடு மேயுதே, எத்தன இருக்கும்?"

எண்ணிப் பார்த்துப் பதினொன்று என்றேன்.

அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றார். ஆகவே நான் சொன்னது சரியா தப்பா என்று முடிவாகவில்லை. இப்படிப்பட்டவர் என் கண்ணைப் பரிசோதிக்க வந்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சரி, ஒரு சுடு சுட்டுக் காமிங்க. அம்புட்டுத்தேன். பாத்துட்டுப் போயிருவோம்" என்றார்.

துப்பாக்கியை எடுக்க உள்ளே போனேன். ஆத்தா கதவுக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் தள்ளிக் குறிவச்சா படும்னு நீதான சொன்ன? இந்த ஒருவாட்டி தள்ளி வச்சுச் சுடுடா. கல்யாணம் முடியட்டும். அப்பறம் நீ யாருகூட வேணாலும் சண்ட போடு."

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. நாலு விரற்கடை வலப்பக்கம் பிடித்தால் சிரட்டை சிதறும். எல்லாரும் சிரித்துக்கொண்டு காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். தையில் அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வருவாள். அவளை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். முற்றத்தைக் கடந்து தொழுவத்துக்கு நடக்கும்வரை தள்ளித்தான் பிடிக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இருபது தப்படியில் போய் நின்று துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். அய்யா பக்கத்தில் நின்று தாய்மாமனிடம், "அசல் சீமச் சாமான். நானே பாத்து எடுத்தது. துப்பாக்கிய ஒரு கொற சொல்ல முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாக்கியம் போதும். குமிழைச் சிரட்டையின் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்திச் சுட்டேன்.

இடப்பக்கம் நாலு விரற்கடையில் மண் உதிர்ந்தது.

"பாத்தீகளா!" என்று கத்தினேன். ஜெயித்தவனைப் போல எல்லார் முகத்தையும் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் ஜெயம் இல்லை. ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப நீங்க சுடுங்க" என்று துப்பாக்கியைத் தாய்மாமனிடம் நீட்டினேன். யார் சுட்டாலும் அங்கேதான் போகும் என்று காட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. அவர் ஜன்மத்தில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. கட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டார். நான்தான் தோளுக்கு ஏற்றிவிட்டேன். இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி விசையை இழுத்தார். சிரட்டை இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது.

அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அய்யா கைதட்டினார். "சொன்னேன்ல?" என்றார். தாய்மாமன் தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு சுட்டார், கண்ணை மூடிக்கொண்டு சுட்டார் என்று நான் குதித்தேன். பொறாமையில் பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெண்ணின் தகப்பனார் மட்டும் கைதட்டவில்லை. "இன்னொரு தடவ சுடுங்க" என்று மைத்துனரிடம் சொன்னார். வேறு சிரட்டை மாட்டினோம். இந்தத் தடவை ரவை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தொழுவத்துக் கூரையிலிருந்து ஒரு காக்கை எழுந்து பறந்தது. தகப்பனார் எழுந்து மண்சுவரண்டை போனார். அங்கே என் ஒரு மாதத்துப் பொத்தல்கள் எல்லாம் ஒரே இடத்தில் குழிந்து கிடந்தன. விரலை விட்டுப் பார்த்தார். குழிக்கும் சிரட்டைக்கும் இடையில் நாலு விரலைச் சேர்த்து வைத்து அளந்தார். திரும்பி வந்து, துப்பாக்கியை வாங்கி, குழலின் பின்னாலிருந்து ஒரு கண்ணால் பார்த்தார். நிலம் அளக்கிற கருவியை நாளெல்லாம் பிடிக்கிறவருக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"அம்புட்டும் நீங்க சுட்டதா?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. தெனமும் சுட்டது."

"வலப்பக்கம் நாலு விரல் தள்ளிப் பிடிச்சா படுமே. தெரியுமா?"

"தெரியும்."

"பரவையில ஆசாரி இருக்காரே. காட்டலையா?"

"வெத்தல போடுற நேரத்துல சரி பண்ணித் தாரேன்னு சொன்னாரு. நான்தான் குடுக்கல. விக்கிறவன்தான மாமா சரி பண்ணிக் குடுக்கணும்?"

"இப்ப எங்க முன்னால சுட்டப்பவாவது தள்ளிப் பிடிச்சிருக்கலாமே?"

"குறி இருக்கிற எடத்துலதான மாமா குறிவைக்கணும்?"

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். "சரிதான்" என்றார். துப்பாக்கியைப் பதனமாக என் கையில் கொடுத்தார். காப்பியைக் குடித்துவிட்டு இருவரும் புறப்பட்டுப் போனார்கள்.

அன்று முழுக்க என் கால் தரையில் பாவவில்லை. ஒரு மாதமாக ஆசாரியைத் தவிர ஒரு உயிர்கூடப் பார்க்காததை அந்த மனிதர் ஒரு நிமிஷத்தில் பார்த்துவிட்டார். இப்படிப்பட்டவர் எனக்கு மாமனாராக வரப்போகிறார் என்று பெருமையாக இருந்தது. அய்யாவிடம் வேண்டுமென்றே இரண்டு மூன்று தடவை அதைச் சொல்லிக் காட்டினேன்.

மார்கழி பிறப்பதற்கு முதல்நாள் தாய்மாமன் தனியாக வந்தார். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். அய்யா வெளியே போயிருந்தார். அவர் உட்காரவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றே பேசினார். அன்றைக்கு இருந்த சத்தம் அவரிடம் இல்லை.

"கண்ணுல ஒண்ணும் இல்லன்னு மச்சான் சொல்லிட்டாரு. துப்பாக்கிதேன் கோணலாம். அத எல்லார்கிட்டயும் அவரே சொல்லிட்டாரு. அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு."

"அப்பறம் என்ன?" என்றாள் ஆத்தா.

"நடந்தது அம்புட்டையும் வீட்டுல ஒண்ணு விடாமச் சொன்னாரு. பிள்ள கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கடசியில வேணாம்னுருச்சு."

"வேணாமா? ஏன்?"

அவர் என்னைப் பார்க்காமல் ஆத்தாவைப் பார்த்தே சொன்னார். "ஆசாரி வெத்தல போடுற நேரத்துல சரி பண்ணித் தாரேங்குறாரு, இவரு மாட்டேன்னுட்டாரு. நாலு வெரல் தள்ளிப் புடிச்சாப் போதும்னு தெரியுது, அதும் மாட்டேன்னுட்டாரு. கோணல் யாரு மேலன்னு தெரியணும், அம்புட்டுத்தேன் இவருக்கு. நான் வாக்கப்பட்டுப் போன எடத்துல என்கிட்டயும் எதாச்சும் ஒரு கோணல் இருக்கத்தான செய்யும்? அதுக்கு எத்தன பேரக் கூப்பிட்டுக் காட்டுவாருன்னு கேக்குது. சொல்லிட்டு வான்னு மச்சான் என்னைய அனுப்பிட்டாரு. நான் வாரேன்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். படித்த திமிர் என்று நினைத்தேன். இத்தனைக்கும் நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் உண்டா? பிறகு, அவள் கேட்டதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். சோற்றில் கையை வைத்தபடி வெகுநேரம் யோசித்தேன். ஒரு பதிலும் அகப்படவில்லை. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"துப்பாக்கி கோணல்தான ஆத்தா?" என்று கேட்டேன்.

ஆத்தா அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். "ஆமாடா" என்றாள். "துப்பாக்கி கோணல்தேன். நீ சொன்னது அம்புட்டும் சரி. சோறு ஆறிப்போச்சு, சாப்புடு."